புருவத்தை வரைவதா, குத்துவதா: நிரந்தர ஒப்பனைக்கு முன் ஓர் ஒப்பீடு

என் பெரியம்மா மகள் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். இருபது ஆண்டுகளாக மாதம் தவறாமல் த்ரெடிங் செய்துவந்ததாலோ, நாற்பத்தைந்தைக் கடந்துவிட்ட வயதாலோ, அவருடைய இரண்டு புருவங்களிலும் வெளி ஓரத்து முடி அநேகமாக இல்லாமலே போய்விட்டது. காலை ஏழு மணிக்குப் பென்சிலால் வரைந்துகொண்டு புறப்பட்டால், இரண்டாவது பீரியட் முடிவதற்குள் வலப்பக்கம் வியர்வையில் அழிந்து இடப்பக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சென்ற ஆண்டு ஒருநாள், "மைக்ரோபிளேடிங் பண்ணிக்கலாம்னு பாக்குறேன், நீ கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு" என்றார். புருவத் தோலைக் கீறி முடிபோல் நிறக்கோடுகளைப் பதிக்கும் நிரந்தர ஒப்பனை அது. அவருக்காகப் படித்தவற்றையும், அவருடன் மூன்று இடங்களுக்குச் சென்று நேரில் பார்த்தவற்றையும் வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

பார்லர் பலகைகளில் பெர்மனன்ட் மேக்கப் என்று எழுதியிருப்பது ஒரு வகையில் இரட்டைப் பொய். ஊசியாலோ ஊசிகளை வரிசையாக அடுக்கிய அலகாலோ தோலைக் கீறி உள்ளே நிறமியைச் செலுத்துவதற்கு ஒப்பனை என்று பெயரில்லை. அது பச்சை குத்துதல்தான். நிறம் ஓரிரண்டு ஆண்டுகளிலேயே வெளிறத் தொடங்குவதால் அதை நிரந்தரம் என்றும் சொல்ல முடியாது. வெளிறிய பிறகும் ஒரு சாயல் பல ஆண்டுகள் தங்கிவிடக்கூடும் என்பதால் தற்காலிகம் என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. ஆகவே, எது அழகாக இருக்கும் என்ற கேள்வியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, பிடிக்காமல் போனால் எவ்வளவு நாளில், எவ்வளவு செலவில், எவ்வளவு காயத்துடன் பழைய முகத்துக்குத் திரும்ப முடியும் என்ற கேள்வியையே நான் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். அக்காவுக்கு முதலில் இந்த அளவுகோல் பிடிக்கவில்லை. "பண்றதுக்கு முன்னாடியே அழிக்கிறதப் பத்தி ஏன் பேசணும்?" என்றார்.

பேசத்தான் வேண்டும் என்பதற்கு நம் மொழியிலேயே சான்று இருக்கிறது. ஊர்களில் குறத்தியர் பச்சை குத்தியபோது பயன்படுத்தியது கரிய மைதான். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துப் பூசிய துணியைத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டி எடுத்த மை என்று பழைய குறிப்புகள் உண்டு. கறுப்பாகக் குத்தியதற்குப் பச்சை என்று ஏன் பெயர் வந்தது? தோலின் ஆழத்தில் தங்கிய கரிய துகளின் மேல் படும் ஒளியில் நீல அலைகள் அதிகமாகச் சிதறித் திரும்புவதால், உள்ளே கறுப்பாக இருப்பது வெளியே நீலமாகவோ பச்சையாகவோ தெரிகிறது. நம் பாட்டிகளின் முன்கையில் இருந்த அதே நிறம்தான், ஆழம் தவறிய கையில், ஒன்றரை ஆண்டு கழித்து ஒருவருடைய புருவத்திலும் வந்து நிற்கிறது.

குத்திய நிறமி உள்ளே சும்மா படிந்து கிடப்பதில்லை. தோலின் மேலடுக்கு சில வாரங்களில் முழுதாக உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால் அங்கே தங்கியது உரிந்துபோகும். அதற்குக் கீழுள்ள உள்தோலை எட்டியதை நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்ளும். அந்த உயிரணு இறந்தால் நிறமி வெளிவரும், பக்கத்தில் உருவாகும் புதிய உயிரணு அதை மறுபடி விழுங்கும். இந்தச் சுழற்சியைப் பிரான்சு ஆய்வாளர்கள் 2018இல் எலிகளில் காட்டினார்கள். முகத்தில் இந்த மேலடுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகையால் ஊசி சற்றே மேலே நின்றால் பணம் வீண், சற்றே கீழே இறங்கினால் நீலச் சாயலும் தழும்பும். கலைஞரின் திறமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வடிவத்தில் இல்லை, இந்த ஆழத்தில்தான் இருக்கிறது.

மைக்ரோபிளேடிங்கா, பவுடரா?

இப்போது புருவத்துக்கு இங்கே அதிகம் விற்கப்படுபவை இரண்டு. மைக்ரோபிளேடிங்கில், மெல்லிய ஊசிகளைச் சீப்புப்போல் வரிசையாகப் பொருத்திய கைக்கருவியால் ஒவ்வொரு முடியாகக் கீறி, அந்தக் கீறலுக்குள் நிறமியைத் தேய்க்கிறார்கள். இயந்திரமே கிடையாது, கை அழுத்தம்தான் எல்லாம். பவுடர் புரோ அல்லது ஓம்ப்ரே என்பதில் சிறு இயந்திரத்தின் ஊசி புள்ளி புள்ளியாகக் குத்திச் செல்வதால், பென்சிலையோ பவுடரையோ மெலிதாகப் பூசியது போன்ற நிழல் கிடைக்கிறது. முன்பகுதியில் கோடும் பின்பகுதியில் நிழலுமாகச் செய்வதற்குக் காம்போ என்று பெயர். இயந்திரத்தின் ஒற்றை ஊசியாலேயே முடிக்கோடு வரைவதை நேனோ என்கிறார்கள். படத்தில் பார்க்க மைக்ரோபிளேடிங்தான் மனத்தை அள்ளும். செய்து முடித்த அரைமணி நேரத்தில் எடுத்த படத்தில், உண்மையான முடிக்கும் வரைந்த முடிக்கும் வேறுபாடே தெரியாது.

ஆனால் அந்தப் படம் யாருடைய தோலில், எப்போது எடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் நுண்ணிய கோடுகள் ஆறும்போதே ஓரம் கசிந்து தடித்து, சில மாதங்களில் பக்கத்துக் கோட்டுடன் கலந்துவிடுகின்றன. கடலோர ஈரப்பதத்தில் ஆண்டில் பத்து மாதம் முகம் பளபளக்கும் ஊரில் வாழ்கிறவர்கள் இதை விளம்பரத்தின் அடிக்குறிப்பாக விட்டுவிட முடியாது. அக்காவுடன் போன முதல் இடத்தில், "ஆயிலி ஸ்கின்னா ஒண்ணும் பிரச்சனை இல்லக்கா, டச்-அப்ல சரி பண்ணிடலாம்" என்றார்கள். இரண்டாம் இடத்தில் இருந்த பெண், அக்காவின் புருவத்தின் மேல் ஒரு டிஷ்யூ தாளை ஒற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டு, "கோடு நிக்காது மேடம், பவுடர்னா பண்றேன், இல்லன்னா வேண்டாம்" என்றார். வருகிற வாடிக்கையாளரை மறுக்கத் தெரிந்த அந்தப் பெண்ணைத்தான் நான் நம்பினேன். இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம்: காலையில் முகம் கழுவியபின் எதுவும் பூசாமல் இருந்து, பிற்பகல் மூன்று மணிக்குப் புருவத்தின் மேல் டிஷ்யூவை ஒற்றிப் பார்த்தால் போதும்.

எத்தனை நாள் நிற்கும் என்பதிலும் வேறுபாடு உண்டு. மைக்ரோபிளேடிங் பொதுவாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரையிலும், பவுடர் இரண்டு மூன்று ஆண்டுகள் வரையிலும் நிற்பதாகச் சொல்லப்படுகிறது. வெயிலும், ரெட்டினால் கிரீமும், பீலிங் சிகிச்சையும் இரண்டையுமே குறைக்கும். குறைவான நாள் என்பது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்றும் பொருள்படும். ஒரே இடத்தில் மூன்றாம் முறை, நான்காம் முறை கீறும்போது தழும்புத் திசு சேர்ந்து, அதன் மேல் நிறம் சீராகப் பிடிக்காது. இயந்திரப் புள்ளிகள் ஏற்படுத்தும் காயம் கீறலைவிடச் சிறியது. அதனால் நம்மில் பெரும்பாலோரின் தோலுக்குப் பவுடர்தான் ஏற்றது என்பது என் முடிவு. அதற்கும் ஒரு விலை உண்டு. காலையில் எழுந்து பல் துலக்கும்போதும் புருவம் மட்டும் ஒப்பனை செய்ததுபோல் இருக்கும். முகத்தில் வேறு எதுவுமே பூசாத வழக்கம் உள்ளவர்களுக்கு அது உறுத்தலாம். வறண்ட தோலும், ஓரளவு இயற்கை முடியும், நடுவில் சில இடைவெளிகளும் மட்டும் உள்ளவர் மைக்ரோபிளேடிங் செய்துகொண்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

நிறம் மாறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் கடைசியில் எல்லாரும் குறைகூறுகிறார்கள். பழுப்பு நிறமி என்பது ஒரே பொருள் அன்று. கறுப்பு, சிவப்பு, மஞ்சள் ஆகியவற்றின் கலவை. இவை ஒரே வேகத்தில் வெளிறுவதில்லை. இரும்பு ஆக்சைடு அடிப்படையிலானது நாளடைவில் செம்மை தட்டும். கரி சேர்ந்ததில் மற்றவை போய்க் கரி மட்டும் நின்று சாம்பல் நிறமாகும். என் சித்தி மகள் கல்யாணத்துக்கு முன் மைக்ரோபிளேடிங் செய்துகொண்டாள். இடத்தின் பெயர் வேண்டாம். ஆல்பத்தில் புருவம் மிக அழகு. முதல் குழந்தைக்குக் காது குத்தும் நாளில், தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு மேல் யாரோ விபூதியைக் குழைத்து இழுத்துவிட்டது போல இருந்தது. அதை மறைக்க அவள் மறுபடி பென்சிலையே எடுத்தாள். பென்சிலிலிருந்து தப்பிக்கச் செய்த செலவு அது.

இரண்டு முறைகளிலும், முதல் அமர்வுக்குப் பின் ஆறு வாரம் வாக்கில் டச்-அப் எனப்படும் இரண்டாம் அமர்வு உண்டு. அதன் கட்டணம் முதல் தொகையில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்றையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை: குத்திய வடிவத்துக்கு வெளியே முளைக்கும் முடி முளைத்துக்கொண்டேதான் இருக்கும், ஆகவே த்ரெடிங் செலவு நிற்காது.

அழிக்கக்கூடியவை

பென்சிலை ஏளனமாகப் பார்க்கத் தேவையில்லை. வியர்வைக்குக் கரையாத பென்சிலோ ஜெல்லோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பல மாதம் வருகிறது, பிடிக்காவிட்டால் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயில் போய்விடுகிறது. நான் வைத்த அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. நேரமும் கைப்பழக்கமும் வேண்டும் என்பதே குறை. பார்வை மங்கியவர்களுக்கும், கை நடுங்குகிறவர்களுக்கும், இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல வரைவது அன்றாடத் துன்பம். நிரந்தர ஒப்பனைக்கு மிக நியாயமான காரணம் உள்ளவர்கள் அவர்கள்தான்.

இடைப்பட்ட வழிகளில் டின்டிங் என்ற சாயப்பூச்சு முடியில் சில வாரமும் தோலில் சில நாளும் நிற்கும். லேமினேஷன் என்பது முடியை இளக்கி மேல்நோக்கிப் படிய வைப்பது. ஒன்றரை, இரண்டு மாதம் தாங்கும். ஆனால் படிய வைக்க முடி இருந்தால்தானே? அக்காவுக்கு அது முதலிலேயே அடிபட்டுப்போயிற்று. ஹென்னா புரோ என்று விற்பதில் எச்சரிக்கை தேவை. வெறும் மருதாணி செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். அடர் பழுப்பாகவோ கறுப்பாகவோ உடனே பிடிக்கிறதென்றால் அதில் சாயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். முடிச்சாயங்களில் வழக்கமாக இருக்கும் பாரா-ஃபினைலின்டையமின் என்ற பொருள் கடுமையான ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. நம் கடைகளில் விற்கும் முடிச்சாயப் பாக்கெட்டின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்: இமைக்கும் புருவத்துக்கும் இதைப் பூசக்கூடாது, பார்வை போகலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதே பாக்கெட்டைப் பிரித்துக் கண்ணாடி முன் நின்று புருவத்தில் தடவிக்கொள்கிறவர்கள் என் குடும்பத்திலேயே இருவர் உண்டு.

முடி நடுதல் மறுகோடி. தலையின் பின்புறத்திலிருந்து எடுத்த முடியை ஒவ்வொன்றாகப் புருவத்தில் பதிப்பது அறுவை சிகிச்சை. பயிற்சி பெற்ற மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியது. உண்மையான முடி என்பதால் நிறமியைப்போல் சாயல் மாறாது. ஆனால் தலைமுடியின் குணத்தை விடாமல் நீண்டுகொண்டே இருப்பதால் அடிக்கடி கத்தரிக்க வேண்டும். தீக்காயத் தழும்பில் புருவத்தை இழந்தவர்கள் யோசிக்கத்தக்க வழி. ஓரம் மெலிந்ததற்கெல்லாம் அது அதிகம்.

உதடும் கண்ணும்

புருவத்துக்குப் போனால் உதட்டையும் சேர்த்துச் சலுகை விலையில் தருகிறேன் என்பார்கள். உதடு கறுத்திருக்கிறது என்று லிப் பிளஷ் செய்துகொள்ள நினைப்பவர்கள், கறுப்புக்குக் காரணம் புகையா, உதட்டை நக்கும் பழக்கமா, லிப்ஸ்டிக்கோ பற்பசையோ ஒவ்வாததா என்று தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். மாநிறத் தோலில் காயம் ஆறிய இடம் முன்பைவிடக் கறுப்பது சாதாரணம் என்பதால், கறுப்பைப் போக்கச் செய்ததே கறுப்பைக் கூட்டிவிடக்கூடும். வாயோரத்தில் எப்போதாவது அக்கிக் கொப்புளம் வந்தவர்களுக்கு ஊசி பட்டவுடன் அது மறுபடி கிளம்பும் வாய்ப்பு உண்டு. அதனால் மருத்துவர் முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருவது வழக்கம். கொப்புளம் வந்ததுண்டா என்று கேட்காமல் உதட்டில் ஊசி வைக்கிறவரிடம் போகாதீர்கள்.

ஐலைனரைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை: வேண்டாம். இமை விளிம்பில், கண்ணீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கும் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே பச்சை குத்திக்கொண்டவர்களிடம் அந்தச் சுரப்பிகள் குறைந்திருப்பதையும் கண் வறட்சியையும் கண் மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இரண்டு நிமிடத்தில் கண்மை தீட்டிக்கொள்ள முடிகிற இடத்துக்காக இந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

யார் நிறுத்த வேண்டும்

புருவம் உதிர்ந்திருந்தால், அதை மறைப்பதற்கு முன் ஏன் உதிர்ந்தது என்று கேட்க வேண்டும். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். தைராய்டு சுரப்புக் குறைவில் புருவத்தின் வெளி மூன்றில் ஒரு பங்கு மெலிவது மருத்துவ மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படும் அடையாளம். திட்டுத் திட்டாக உதிர்ந்தால் புழுவெட்டாக இருக்கலாம். தொழுநோயிலும் புருவம் உதிரும். அது நம் நாட்டிலிருந்து முற்றிலும் போய்விடவில்லை, ஆனால் மருந்தால் முழுதாகக் குணமாகும். பார்லரில் இவற்றை யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்ல வேண்டிய பொறுப்பும் அவர்களுக்கு இல்லை. புற்றுநோய்க்கான கீமோவில் உதிர்ந்த புருவம் பெரும்பாலும் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் திரும்பி வரும். சிகிச்சையின் நடுவில், வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது தோலைக் கீறுவது கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும். அதே துறையில், மார்பகம் அகற்றப்பட்டுச் சீரமைக்கப்பட்ட பெண்களுக்கு முலைக்காம்பைச் சுற்றிய வட்டத்தைப் பச்சையால் வரைந்து தருவதையும் சொல்லவேண்டும். நிரந்தர ஒப்பனையின் எல்லாப் பயன்களிலும் எனக்கு மறுப்பே இல்லாதது அது ஒன்றுதான்.

காது குத்திய இடத்திலோ அம்மைத் தடுப்பூசி போட்ட தோளிலோ தழும்பு தடித்து வளர்ந்தவர்கள், அதாவது கீலாய்டு உள்ளவர்கள், இதைத் தவிர்ப்பதே நல்லது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் தள்ளிப்போட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அழகுக்காக அதைத் தாமே நிறுத்திவிடக்கூடாது. இரத்த தானம் செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: இந்திய விதிகளின்படி பச்சை குத்தியபின் ஓராண்டு தானம் செய்ய முடியாது, புருவமும் அதில் சேர்த்திதான். எம்ஆர்ஐ ஸ்கேனுக்குப் போக நேர்ந்தால், உலோக ஆக்சைடு கலந்த நிறமியால் அரிதாக எரிச்சலோ வீக்கமோ வருவதுண்டு. அதற்காக ஸ்கேனைத் தவிர்க்க வேண்டாம், அங்குள்ளவரிடம் முன்னதாகச் சொல்லிவிட்டால் போதும்.

இடமும் கையும்

இரண்டு மூன்று நாள் வகுப்புக்குப் போனாலே சட்டம் போட்டு மாட்டக்கூடிய சான்றிதழ் கிடைத்துவிடுவதால், சுவரைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. நான் கேட்கச் சொல்வது ஒரே ஒரு படம்: நம்மைப் போன்ற நிறமும் வயதும் உள்ள ஒருவருக்குச் செய்து, குறைந்தது ஓராண்டு கழித்து எடுத்த படம். முதல் இடத்தில் கேட்டபோது ஃபோனில் நெடுநேரம் தேடிவிட்டு வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படத்தைக் காட்டினார்கள். இரண்டாம் இடத்தில் அந்தப் பெண் தன் அம்மாவையே உள்ளிருந்து அழைத்துவந்து காட்டினார். பதினான்கு மாதத்துப் புருவம், சற்று வெளிறியிருந்தது, ஆனால் பழுப்பாகவே இருந்தது.

ஊசி உறை நம் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும் என்பதை இப்போது எல்லாரும் அறிவார்கள். மை பற்றி யாரும் கேட்பதில்லை. சுவிட்சர்லாந்தில் ஒரே கலைஞரிடம் புருவம் செய்துகொண்ட 12 பேருக்கு, காசநோய்க் கிருமியின் உறவான ஒரு கிருமி தொற்றி, பலருக்கு அறுவை சிகிச்சை வரை போன நிகழ்வு 2011இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஊசியைவிட மைக்குப்பியின் மேல்தான் அங்கே ஐயம் விழுந்தது. அமெரிக்காவில் 2003, 2004 ஆண்டுகளில் ஒரே நிறுவனத்தின் நிறமிகளால் வீக்கமும் கட்டியும் வந்ததாக 150க்கும் மேற்பட்ட புகார்கள் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வந்தன. அழகுக்காகத் தோலுக்குள் செலுத்த எந்த நிறமிக்கும் அந்த நிர்வாகம் இதுவரை ஒப்புதல் அளித்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மையிலும் நிரந்தர ஒப்பனை மையிலும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. ஆகவே குப்பியைக் கையில் வாங்கி, பெயர், தொகுப்பு எண், காலாவதி நாள், ரீச் எனப்படும் அந்த ஐரோப்பிய வேதிப்பொருள் விதிக்கு உட்பட்டதா என்ற விவரம் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்வது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. பின்னால் ஒவ்வாமை வந்தாலோ லேசருக்குப் போக நேர்ந்தாலோ மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான். மரத்துப்போகச் செய்யும் கிரீமும் அப்படியே: லிடோகெய்ன் 4 சதவீதத்தைத் தாண்டிய கிரீம்களைக் கடையில் வாங்கித் தாமே பூசிக்கொள்ள வேண்டாம் என்று அதே அமெரிக்க நிர்வாகம் 2024இல் எச்சரித்தது, லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வடிவத்தை முடிவு செய்யும் கட்டத்தில் அவசரப்படுத்தினாலும் அப்படியே. இரண்டாம் இடத்தில் அக்காவை உட்கார வைத்து, தச்சர் மரத்தில் மைநூல் அடிப்பதுபோல் மை தோய்த்த நூலை நெற்றியில் வைத்து, மூக்கின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் அளந்து, நாற்பது நிமிடம் வெறும் கோடுகளை மட்டும் வரைந்தார். படுத்தால் முகத்தசை சரிவதால் உட்கார்ந்த நிலையில்தான் அளக்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அளந்தபின் எதுவும் குத்தாமல், "இத அழிக்காம வீட்டுக்குப் போய் சார்கிட்டயும் பிள்ளைங்ககிட்டயும் காட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார். அந்தந்தக் காலத்து மோஸ்தரைத் தோலில் ஏற்றிக்கொள்வதும் சிக்கல்தான். எங்கள் கல்லூரிக் காலத்தில் நூல்போல் மெலிந்த புருவம்தான் அழகு; அன்று குத்தியிருந்தால் இன்று என்ன செய்திருப்போம்?

கல்யாணத்துக்காகச் செய்கிறவர்கள் நாளைப் பின்னோக்கி எண்ண வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் புருவம் எதிர்பார்த்ததைவிடக் கறுத்துத் தடித்திருக்கும். ஐந்தாம் நாள் வாக்கில் பக்கு உதிரும். பிறகு நிறமே பிடிக்கவில்லையோ என்று பயப்படும் அளவுக்கு வெளுத்து, ஒரு மாதத்தில் உண்மையான நிறம் வரும். ஆறு வாரத்தில் டச்-அப், அதற்குப் பின் மறுபடி ஆறும் காலம். தை மாத முகூர்த்தத்துக்கு ஐப்பசியிலேயே தொடங்கினால்தான் சரி. அந்த நாள்களில் எண்ணெய்க் குளியலும், முகத்துக்கு மஞ்சள் பூசுவதும், அடுப்பங்கரை ஆவியும், நீச்சலும் கூடாது. நெற்றியிலிருந்து குங்குமமும் விபூதியும் புருவத்தில் உதிராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி இரண்டும் பிற நாட்டவர் எழுதிய குறிப்புத்தாள்களில் இருக்காது.

திரும்பும் வழி

லேசரில் அழித்துவிடலாம் என்பதைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். கையில் குத்திய கறுப்புப் பச்சைக்கு லேசர் நன்றாக வேலை செய்வது உண்மை. ஆனால் புருவ நிறமியில் இரும்பு ஆக்சைடோ, நிறத்தை இளக்கச் சேர்க்கும் வெள்ளை டைட்டேனியம் டையாக்சைடோ இருந்தால், லேசர் பட்ட நொடியில் வேதிமாற்றம் ஏற்பட்டுப் பழுப்பு கருநிறமாகிவிடக்கூடும். பிறகு அந்தக் கறுப்பைப் போக்கப் பல அமர்வுகள் தேவை. ஒவ்வொன்றும் மாநிறத் தோலில் வெண்திட்டு விழும் ஆபத்தைக் கொண்டது. ஆகவே தோல் மருத்துவர் முதலில் ஓரத்தில் ஒரு சிறு புள்ளியில் மட்டும் சோதித்துப் பார்ப்பார். என் சித்தி மகள் இந்தச் சோதனை வரை போய், புள்ளி கறுத்ததைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். அழிக்க ஆகும் செலவு, செய்ய ஆன செலவைவிட அதிகம் என்பதையும் அங்கேதான் அறிந்தாள்.

அக்கா கோட்டை அழிக்காமல் வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் பார்த்து, மாமாவும் நன்றாக இருக்கிறது என்று சொன்னபின் பவுடருக்கு நாள் குறிக்கலாம் என்றார். அதற்குள் நான் வற்புறுத்தி எடுக்க வைத்த தைராய்டு சோதனையின் முடிவு வந்தது. டிஎஸ்எச் அளவு கூடுதலாக இருந்தது, அதாவது தைராய்டு சுரப்பு குறைந்திருந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்து, புருவத்தை ஆறு மாதம் தொடாதீர்கள் என்றார். ஐந்தாம் மாதத்தில், வெளி ஓரத்தில் பூனைமுடிபோலச் சில மயிர்கள் தலைகாட்டின. முழுதாக வரவில்லை, வராமலும் போகலாம். இப்போதைக்கு வியர்வைக்குக் கரையாத பென்சிலால் வால் பகுதியை மட்டும் தொட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார். இரண்டாம் இடத்துப் பெண்ணின் எண்ணை அழிக்காமல் வைத்திருக்கிறார். அப்படியே செய்துகொண்டாலும் வெயில் காலம் கழிந்து, காதுக்குப் பின்னால் அதே மையில் ஒரு புள்ளி குத்தி, ஒரு மாதம் பார்த்த பிறகுதான் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.